பனிப்புயல் வருகிறது, டிக்கெட் கையில் இருக்கிறது: போவதா, தள்ளிவைப்பதா, விட்டுவிடுவதா?

புறப்பட மூன்று நாள் இருக்கிறது, பெட்டி பாதி அடுக்கியபடி கட்டிலில் கிடக்கிறது, கைப்பேசியைத் திறந்தால் போகிற ஊர், நடுவில் விமானம் மாறுகிற ஊர், இரண்டுக்குமே பனிப்புயல் எச்சரிக்கை. போன குளிர்காலத்தில் எங்களுக்கு நடந்தது இது. "பார்த்துக்கலாம் விடு, கடைசி நேரத்துல எல்லாம் சரியாயிடும்" என்றார் இவர். "இப்பவே கேன்சல் பண்ணிடலாம், பாதிப் பணமாவது மிஞ்சும்" என்றேன் நான். அப்புறம் இரண்டு நாள் மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருந்துவிட்டு எதையுமே முடிவு செய்யாமல் கிளம்பிப் போனோம். விமானம் மாறுகிற ஊரில் ஓர் இரவு தரையில் படுத்து, ஐந்து இரவுக்குப் போட்ட பயணத்தில் மூன்றே இரவு தங்கி, திரும்பும்போது மலைப்பாதையை மூடிவிட்டதால் விமானத்தையும் தவறவிட்டு, இவருடைய அலுவலகத்தில் ஒரு முக்கியமான நாளைக் கோட்டைவிட்டு வீடு வந்து சேர்ந்தோம்.

வந்த பிறகுதான் விதிகளையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். (பரீட்சை முடிந்த பிறகு பாடம் படிப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.) நாங்கள் இருவரும் சொன்னது தப்பு என்று புரிந்தது. அதைவிட, நாங்கள் சண்டை போட்ட கேள்வியே தப்பு. போய்ச் சேர முடியுமா என்றே பேசிக்கொண்டிருந்தோம். குறித்த நாளில் திரும்பி வர முடியுமா, முடியாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் முன்னால் இருந்த வழிகளை அந்தக் கேள்வியோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நல்லதாகத் தெரிந்தது மோசமாகவும் மோசமாகத் தெரிந்தது பரவாயில்லை என்றும் மாறிவிடுகிறது.

வழிகளுக்குப் போகும் முன் அந்த எச்சரிக்கையை எவ்வளவு நம்புவது என்று பார்த்துவிடலாம். "வானிலைக்காரன் சொன்னது என்றைக்கு நடந்திருக்கிறது" என்பதெல்லாம் பழைய கதை. கடந்த சில பத்தாண்டுகளில் கணிப்பின் திறன் பத்தாண்டுக்குச் சுமார் ஒரு நாள் என்ற கணக்கில் கூடி வந்திருக்கிறது. பத்தாண்டுக்கு முன் ஐந்து நாளுக்கு எவ்வளவு நம்பலாமோ, அவ்வளவு இப்போது ஆறு நாளுக்கு நம்பலாம். ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலைக் கணிப்பு மையம் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஒரே கணிப்பை 50 தடவை ஓட்டுகிறது. அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்தால் நம்பலாம், ஆளுக்கொரு பக்கம் சிதறினால் இன்னும் ஒரு நாள் பொறுக்கலாம். ஆப்பில் தெரிகிற ஒற்றைப் பனித்துளிப் படம் இந்தச் சிதறலைக் காட்டாது என்பதால், அந்தந்த நாட்டு வானிலைத் துறை எழுதுகிற நாலு வரி விளக்கத்தைப் படிப்பது மேல். புயல் வரும் என்பதைப் பெரும்பாலும் நாலைந்து நாள் முன்பே சொல்லிவிடுவார்கள். எத்தனை சென்டிமீட்டர் என்பதுதான் கடைசி வரை ஆடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் ஒரு டிகிரி கூடினால் அது வெறும் மழை, ஒரு டிகிரி குறைந்தால் 10 மில்லிமீட்டர் நீர் சுமார் 10 சென்டிமீட்டர் பனியாக வந்து உட்கார்ந்துவிடும்.

சென்டிமீட்டரைவிட அது எந்த ஊரில் விழுகிறது என்பது பெரிய விஷயம். 2014 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் அட்லாண்டாவில் விழுந்தது மூன்று அங்குலம்கூடத் தேறாத பனி. அதற்கே ஊர் ஸ்தம்பித்துப்போய், காரிலேயே இரவைக் கழித்தவர்களும் பள்ளிக்கூடத்திலேயே தங்கவேண்டி வந்த குழந்தைகளும் ஏராளம். 2010 டிசம்பர் 18 அன்று லண்டன் ஹீத்ரோவில் கொட்டிய பனியின் விளைவு அடுத்த பல நாட்களுக்கு நீண்டு ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. அதே அளவு பனியை ஹெல்சிங்கியில் யாரும் செய்தியாகக்கூட மதிக்க மாட்டார்கள், அங்கே குளிர்காலம் முழுக்க அதுதான் வேலை. ஆகவே போகிற ஊரின் கணிப்பை மட்டும் பார்க்காமல், கிளம்புகிற ஊர், மாறுகிற ஊர், போகிற ஊர் மூன்றில் பனிக்குப் பழக்கமே இல்லாத ஊர் எது என்று பாருங்கள். எங்கள் விஷயத்தில் அது மாறுகிற ஊர். போகிற ஊரில் இடுப்பளவு பனி இருந்தும் பேருந்து ஓடிக்கொண்டிருந்தது; மாறுகிற ஊரில் கணுக்கால் அளவுப் பனிக்கே எல்லாம் நின்றுவிட்டது.

இன்னொன்று, மூடுபனியையும் பனிப்பொழிவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மூடுபனி பெரும்பாலும் விடியற்காலையில் பிடித்து வெயில் ஏறினால் விலகும், அதற்குப் பயணத்தையே மாற்றத் தேவையில்லை, நண்பகல் விமானமாக எடுத்தால் போதும். பனிப்பொழிவுக்கு இது நேர்மாறு: நாள் முழுக்கத் தாமதம் சேர்ந்துகொண்டே போகும், முதல் நாள் இரவே வந்து நிற்கிற விமானத்தில் போகும் அதிகாலைப் பயணம்தான் கிளம்புவதற்கு அதிக வாய்ப்புள்ளது. மழையாக விழுந்து தொட்ட இடத்தில் ஐஸாக உறைகிற உறைமழை என்று எச்சரிக்கையில் இருந்தால், அது இந்த இரண்டையும்விட மோசம். அது பலமாகப் பெய்யும்போது விமானம் கிளம்பவே கிளம்பாது.

கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது

இவர் சொன்ன வழி. கேட்கச் சோம்பேறித்தனமாக இருக்கும், ஆனால் பணத்தை மட்டும் பார்த்தால் இதுதான் பலமான நிலை. நீங்களாக ரத்து செய்தால் டிக்கெட்டின் நிபந்தனை பேசும், விமான நிறுவனம் ரத்து செய்தால் சட்டம் பேசும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எல்லா விமானத்துக்கும், அங்கே போகிற ஐரோப்பிய நிறுவன விமானத்துக்கும் 261/2004 என்ற விதி உண்டு. பனிப்புயல் நிறுவனத்தின் கையில் இல்லாத விஷயம் என்பதால் அந்த விதியில் உள்ள 250 முதல் 600 யூரோ வரையான இழப்பீடு கிடைக்காது. இதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு ஒன்றுமே கிடைக்காது என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. முழுப் பணத்தையும் 7 நாளில் திருப்பிக் கேட்கலாம், அல்லது கூடிய சீக்கிரம் வேறு விமானத்தில் இடம் கேட்கலாம். இடம் கேட்டுக் காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு, இரவானால் ஹோட்டல் அறை எல்லாம், புயலே ஆனாலும், நிறுவனத்தின் பொறுப்பு. 2010 ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றபோது எழுந்த ஒரு வழக்கில், இந்தக் கவனிப்புக்கு நாள் வரம்பும் பண வரம்பும் கிடையாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் வேறு மாதிரி. வானிலையால் ரத்தானால் ஹோட்டல் தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் 2024இல் வந்த விதிப்படி, விமானம் ரத்தானாலோ, உள்நாட்டில் 3 மணி நேரத்துக்கு மேல், வெளிநாட்டுப் பயணத்தில் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ, மாற்று ஏற்பாடு வேண்டாம் என்று சொன்னால் பணமாகவே திருப்பித் தர வேண்டும், கார்டில் கட்டியிருந்தால் 7 வேலை நாளுக்குள். "வவுச்சர் தருகிறோம்" என்று முதலில் நீட்டுவார்கள், அதை வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஆக, அட்லாண்டிக்கின் எந்தக் கரையில் மாட்டிக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அன்றைக்குப் படுக்கை யார் செலவு என்பது மாறுகிறது.

இந்த வழியின் குறை பணம் இல்லை, நேரம். 180 பேர் போகிற விமானம் ரத்தாகிறது; விடுமுறைக் காலத்தில் அடுத்தடுத்த விமானங்களில் பத்துப் பத்து இடம்தான் காலி என்று வைத்துக்கொண்டால், அத்தனை பேரையும் ஏற்ற 18 விமானம் வேண்டும். வானம் வெளுத்து மூன்று நாள் ஆகியும் கூட்டம் தீராததற்குக் காரணம் இதுதான். அதோடு நிறுவனத்தின் உள்வேலையும் சேர்ந்துகொள்ளும். 2022 டிசம்பரில் அமெரிக்காவைத் தாக்கிய பெரும் புயலில் மற்ற நிறுவனங்கள் சில நாளில் எழுந்துவிட்டன. சவுத்வெஸ்ட் மட்டும் தன் பணியாளர்களை எந்த விமானத்துக்கு எங்கே அனுப்புவது என்கிற ஏற்பாடே சரிந்துபோய் 16,900 விமானங்களை ரத்து செய்தது, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாட்டிக்கொண்டார்கள், மறு ஆண்டு அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 14 கோடி டாலர் அபராதம் போட்டது.

"போர்டில் சரியான நேரம் என்றுதானே போட்டிருக்கிறது" என்று இவர் கடைசி நிமிடம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் போர்டு ஏன் ஏமாற்றுகிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. பனி விழும்போது விமானத்தின் இறக்கையைச் சூடான ஆரஞ்சு நிறத் திரவத்தால் கழுவி, அதன் மேல் கெட்டியான பச்சைத் திரவத்தைப் பூசுவார்கள், அந்தப் பூச்சு இவ்வளவு நிமிடம்தான் காக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. ஓடுபாதை வரிசையில் அந்த நிமிடங்கள் தீர்ந்துபோனால் திரும்பவும் முதலிலிருந்து. இப்படி இரண்டு சுற்று வந்தால் விமானியின் அன்றைய பணி நேரம் முடிந்துவிடும், அப்புறம் பனி நின்றாலும் ஓட்ட ஆள் கிடையாது. எங்கள் இரண்டாவது விமானம் அப்படித்தான் போனது, எல்லோரும் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகு. கோபமாக வந்தது. ஆனால் 1982இல் வாஷிங்டனில் இறக்கையில் பனியோடு கிளம்பிய ஏர் ஃபுளோரிடா விமானம் பாலத்தில் மோதி பொடோமாக் ஆற்றில் விழுந்து 78 பேர் இறந்ததைப் படித்த பிறகு, அந்த ஆரஞ்சுத் திரவத்துக்கு எத்தனை மணி நேரம் காத்திருக்கவும் நான் தயார்.

காத்திருப்பதில் இரண்டு பேராக இருப்பது ஒரு வசதி, இதை நாங்கள் தற்செயலாகக் கண்டுபிடித்தோம். விமானம் ரத்து என்றதும் இவர் வரிசையில் நின்றார், நான் ஓரமாக உட்கார்ந்து அதே நிறுவனத்தின் வேறொரு நாட்டு உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். வரிசை பத்தடி நகர்வதற்குள் அடுத்த நாள் மாலை விமானத்தில் இரண்டு இடம் கிடைத்துவிட்டது. நான்கு பேர் குடும்பத்துக்குக் கிடைக்காத இடம் இரண்டு பேருக்குக் கிடைக்கும். ஹோட்டல் கூப்பனும் கொடுத்தார்கள். அந்தக் கூப்பனை ஏற்கிற எந்த ஹோட்டலிலும் அறை இல்லை என்பதால்தான் தரை.

தேதியை மாற்றிக்கொள்வது

புயல் உறுதியாகத் தெரிந்தால், பெரிய நிறுவனங்கள் இரண்டு மூன்று நாள் முன்பாகவே ஓர் அறிவிப்பு போடும்: இந்த ஊர்கள், இந்தத் தேதிகள், இவற்றில் டிக்கெட் வைத்திருப்பவர்கள் கட்டணம் இல்லாமல் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம். எங்களுக்கும் அந்த மின்னஞ்சல் வந்திருக்கிறது, விளம்பரங்களோடு விளம்பரமாகக் கிடந்ததை ஊர் திரும்பிய பிறகு பார்த்தேன். அன்றைக்கே பார்த்திருந்தால் ஒரு நாள் முன்னதாகக் கிளம்பியிருக்கலாம், ஏனென்றால் இந்தச் சலுகை பல சமயம் முன்னால் நகர்த்தவும் செல்லும். எல்லோரும் தள்ளிப்போடத்தான் ஓடுவார்கள் என்பதால் முன் தேதியில் இடம் சுலபமாகக் கிடைக்கும். விடுப்பு மட்டும் ஒத்துழைத்தால் என்னைக் கேட்டால் எல்லா வழியிலும் இதுதான் சிறந்தது.

பின்னால் தள்ளுவதில் ஒரு பொறி இருக்கிறது. விமானத்தை ஒரு நாள் தள்ளிவிட்டு, போகிற தேதி மட்டும் மாறியது, திரும்பும் தேதி அப்படியே இருக்கிறது என்று சந்தோஷப்படுவோம். ஹோட்டல்காரருக்கு அது தெரியாது. முதல் நாள் வரவில்லை என்றால் மொத்தப் பதிவையும் ரத்து செய்துவிடுகிற ஹோட்டல்கள் உண்டு. ஒரு போன் போட்டு "ஒரு நாள் தாமதமாக வருகிறோம், அறையை விட்டுவிடாதீர்கள்" என்று சொல்லி, அதை எழுத்திலும் வாங்கிக்கொள்ள வேண்டும். விமானம், ஹோட்டல், வாடகைக் கார், பேருந்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு நேரம் இருக்கும். அவற்றை ஒரு தாளில் எழுதி, எது முதலில் முடிகிறது என்று பார்த்தால், எப்போதுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். எங்கள் ஹோட்டலில் 48 மணி நேரத்துக்கு முன் வரை இலவச ரத்து. நாங்கள் மதில்மேல் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு நாளில்தான் அது காலாவதியானது.

காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது

விமானம் ரத்து என்றதும் முதலில் தோன்றுவது இது. "ஆறு மணி நேரம்தானே, மாறி மாறி ஓட்டினால் ஆச்சு." நான் இதைக் கடைசி இடத்தில் வைப்பேன், அதற்கும் கீழே இடம் இருந்தால் அங்கே.

பாதுகாப்பை விட்டுவிடுங்கள், முதலில் டிக்கெட்டைப் பாருங்கள். போகவர ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்து, போகிற விமானத்தில் ஏறாமல் காரில் போய்விட்டால், பெரும்பாலான நிறுவனங்கள் திரும்புகிற டிக்கெட்டையும் சத்தமில்லாமல் ரத்து செய்துவிடும். காரில் அடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்து, விடுமுறையை அனுபவித்துவிட்டு, திரும்பும் நாளில் கவுண்ட்டரில் போய் நின்றால் உங்கள் பெயரே இருக்காது. நிறுவனமே ரத்து செய்த பிறகு, அவர்களிடம் சொல்லி, திரும்பும் பகுதியை மட்டும் வைத்துக்கொள்கிறோம் என்று உறுதி வாங்கிக்கொண்டு போனால் தப்பிக்கலாம்.

இப்போது சாலை. 2022 ஜனவரி முதல் வாரத்தில், ஒரே வாரத்தில், உலகின் இரு மூலையில் இரண்டு சம்பவம். 3ஆம் தேதி அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஐ-95 நெடுஞ்சாலை பனியில் அடைபட்டு நூற்றுக்கணக்கான கார்கள் ஒரு நாள் முழுக்க நின்றன. அதில் மாட்டிய செனட்டர் டிம் கெய்ன் வாஷிங்டன் போய்ச் சேர 27 மணி நேரம் ஆனது. 7ஆம் தேதி இரவு பாகிஸ்தானின் முர்ரீ மலைப்பகுதியில், பனி பார்க்க வந்த சுற்றுலாப் பயணிகளின் கார்கள் புதைந்து குறைந்தது 22 பேர் இறந்தார்கள். அவர்களும் விடுமுறைக்குக் கிளம்பியவர்கள்தான். குளிர் மட்டும் கொல்வதில்லை. வண்டியின் புகைக்குழாயைப் பனி அடைத்துவிட்டால் இன்ஜின் ஓட ஓடக் கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரும், அதற்கு வாசனை கிடையாது, தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும். அதனால்தான் மாட்டிக்கொண்டால் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றித் தோண்டிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்கிறார்கள்.

சாதாரண டயர் சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனாலே இறுகிப் பிடிமானம் குறையும், பனி இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. ஐஸ் மேல் பிரேக் போட்டால் நிற்கிற தூரம் பத்து மடங்கு வரை ஆகலாம் என்று பிரிட்டனின் சாலை விதிநூல் சொல்கிறது. சாலையில் தூவும் உப்பும் மைனஸ் 9, 10 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது. இதெல்லாம் பனியில் ஓட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் விமான நிலையத்தில் கிடைத்த வாடகைக் காரில் ராத்திரி கிளம்புவது ஆழம் தெரியாமல் காலை விடுகிற வேலை. அந்த இரவில் இவர் இந்த யோசனையைச் சொன்னபோது நான் ஒத்துக்கொள்ளாததுதான் அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம். (இதை இவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.)

ரயில் இருக்கிற இடமாக இருந்தால் அது காரைவிட எவ்வளவோ மேல். ஜப்பானின் டோகாய்டோ ஷின்கான்சென் அதிவேக ரயில் செகிகஹாரா பகுதியில் பனி விழுந்தால் பொதுவாக ரத்தாவதில்லை, வேகத்தைக் குறைத்துக்கொண்டு தாமதமாகப் போய்ச் சேரும். பனி நாட்டு ரயில் பெரும்பாலும் இப்படித்தான். ஆனால் ரயிலும் தெய்வம் இல்லை. 2009 டிசம்பரில், பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலடிச் சுரங்கத்தில் ஓடுகிற யூரோஸ்டார் ரயில்கள் ஐந்து, வெளியே கடுங்குளிரில் வாங்கிய பொடிப்பனி சுரங்கத்தின் வெதுவெதுப்பில் உருகி மின்கருவிகளுக்குள் போனதால், சுரங்கத்துக்குள்ளேயே நின்று சுமார் 2,000 பேரை இரவு முழுக்க உள்ளே வைத்தன. ஆகவே ரயிலில் போனாலும் தண்ணீர், சாப்பாடு, மருந்து, கம்பளி நாலும் மேலே வைத்த பெட்டியில் இல்லாமல் மடியில் இருக்கட்டும்.

ரத்து செய்துவிடுவது, அல்லது வேறு ஊர்

நான் சொன்ன வழி. மனசுக்கு நிம்மதி, பைக்கு நஷ்டம், அதுவும் அவசரப்பட்டால் தேவையில்லாத நஷ்டம். புயல் நிச்சயம் என்று தெரிந்த பிறகு நீங்களாக முந்திக்கொண்டு விமானத்தை ரத்து செய்வது, இன்னும் ஒரு நாளில் அவர்களே தரப்போகிற முழுப் பணத்தை வேண்டாம் என்று சொல்வது. ஹோட்டலை மட்டும் கெடுவுக்குள் ரத்து செய்துவிட்டு, விமானத்தைத் தொடாமல் விட்டுவைப்பது என்று ஒரு நடுவழி இருக்கிறது. எனக்கு அப்போது தோன்றவே இல்லை. விமானம் ஒழுங்காகக் கிளம்பிவிட்டால் அங்கே வேறு அறை பிடித்துக்கொள்ளலாம், புயலால் பாதிப் பேர் வராத ஊரில் அறைக்குப் பஞ்சம் இருக்காது.

காப்பீடு இருக்கிறதே என்பவர்களுக்கு: எப்போது எடுத்தீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புயலுக்குப் பெயர் வைத்த பிறகோ எச்சரிக்கை வந்த பிறகோ எடுத்த பாலிசி அந்தப் புயலுக்குச் செல்லாது, அது "தெரிந்த நிகழ்வு". எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்கிற வகை சில நாடுகளில் கிடைக்கிறது, ஆனால் முதல் பணம் கட்டி இரண்டு மூன்று வாரத்துக்குள் எடுத்திருக்க வேண்டும், கிடைப்பதும் பொதுவாக 50 முதல் 75 சதவீதம்தான். "பனியைப் பார்த்தால் பயமாக இருக்கிறது" என்பது சாதாரண பாலிசியில் காரணமே இல்லை.

விமானமும் ஹோட்டலும் சேர்த்து ஒரே பேக்கேஜாக ஐரோப்பிய ஒன்றியத்தில் வாங்கியிருந்தால் நிலைமை வேறு. போகிற இடத்திலேயே பயணத்தைப் பெரிதாகப் பாதிக்கிற தவிர்க்க முடியாத சூழ்நிலை என்றால் கட்டணமில்லாமல் விலகிக்கொள்ளலாம். திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டால், முடிந்தவரை நீங்கள் தங்கியிருந்த தரத்திலேயே, மூன்று இரவு வரை தங்கும் செலவு ஏற்பாட்டாளருடையது. தனித்தனியாக வாங்கினால் மலிவு என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம். அந்த மலிவுக்குள் இந்த மூன்று இரவு கிடையாது.

வேறு ஊருக்குத் திருப்பிக்கொள்வது சிலருக்கு ஒத்துவரும், பனி வேண்டும் என்று போகாமல் சேர்ந்து நாலு நாள் இருக்கவேண்டும் என்று போகிறவர்களுக்கு. ரத்தான விமானத்தின் பணம் வரும்வரை புதிய டிக்கெட்டுக்குக் கையிலிருந்து போடவேண்டும், கடைசி நேர விலையில். எங்களுக்கு அது கட்டுப்படியாகாது.

திரும்பி வருகிற கதை

2018 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் சுமார் 13,000 சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். பனிச்சரிவு அபாயத்தால் சாலையும் ரயிலும் மூடல், சிலரை ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். ஊருக்குள் ஒரு குறையும் இல்லை, அறை, சாப்பாடு, வெளிச்சம் எல்லாம் இருந்தது, போய்ச் சேர்ந்தவர்கள் எல்லோரும் நன்றாகவே போய்ச் சேர்ந்திருந்தார்கள். வெளியே வரத்தான் முடியவில்லை. எங்கள் மலை ஊர் அத்தனை பெரிய கதை இல்லை, ஒரே ஒரு நாள்தான் பாதை மூடல். ஆனால் திரும்பிய மறுநாளே அலுவலகம் என்று திட்டம் போட்டவர்களுக்கு ஒரு நாள் போதும். அந்த விமானம் ரத்தாகவும் இல்லை, சரியான நேரத்துக்குக் கிளம்பிப் போய்விட்டது. நாங்கள்தான் அதில் இல்லை. ஆகவே திருப்பித் தரும் பேச்சும் இல்லை, இரண்டு புது டிக்கெட்.

இதை வைத்து முடிவெடுத்தால் என் வரிசை இப்படி வருகிறது. திரும்பிய பிறகு இரண்டு நாள் மிச்சம் இருக்கிறதா, எல்லா விமானமும் ஒரே டிக்கெட் பதிவில் இருக்கிறதா, அப்படியானால் இவர் சொன்னதுபோல் பேசாமல் காத்திருக்கலாம். மோசமாகப் போனால் ஒன்றிரண்டு நாள் போகும், பணம் போகாது. மிச்ச நாள் இல்லை, ஆனால் விடுப்பை நகர்த்தலாம் என்றால் தேதி மாற்றும் அறிவிப்பு வந்த அன்றைக்கே, முடிந்தால் முன் தேதிக்கு, மாற்றிவிட வேண்டும். திரும்பும் நாளைத் தவறவிடவே முடியாது, பரீட்சையோ அறுவைசிகிச்சையோ வீட்டில் பார்த்துக்கொள்ள வயதானவர்களோ இருக்கிறார்கள் என்றால், போகும்போது வானம் பளிச்சென்று இருந்தாலும், கடைசி இரவை மலையில் வைத்துக்கொள்ளாமல் விமான நிலையம் இருக்கிற ஊருக்கு இறங்கிவிட வேண்டும். மலையில் ஓர் இரவு குறைவது உறுத்தும்தான்.

இரண்டு பேரில் ஒருவருக்குப் பயம், ஒருவருக்குத் துணிச்சல் என்றால் பேச்சு முடிவுக்கே வராது என்பதும் அனுபவம். இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம்: கெடு நேரங்கள் எழுதிய தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும், முதல் கெடுவுக்கு ஆறு மணி நேரம் முன்பு உட்கார்ந்து பேசுவது, அதற்கு முன் யாரும் வானிலை ஆப்பைக் காட்டி வாதாடக் கூடாது. இந்த வருஷம் பிப்ரவரிக்குப் போட்டிருக்கிறோம். திரும்பும் விமானம் வெள்ளிக்கிழமை, அலுவலகம் திங்கட்கிழமை. காப்பீட்டை டிக்கெட் எடுத்த அன்றைக்கே எடுத்தாயிற்று, எடுத்தவர் "பார்த்துக்கலாம் விடு"காரர். நான் இன்னும் பெட்டி அடுக்க ஆரம்பிக்கவில்லை.